கொழும்பு வெக்கைக்கு எந்தக் கரைப்பான்?

ஈதரில் கரைத்துப் பளிங்காக்கு என்று ஒரு புத்தகம் சொன்னால், அந்தப் புத்தகம் வெள்ளவத்தையில் இருந்து எழுதப்படவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஈதரின் கொதிநிலை 34.6 பாகை செல்சியஸ். சித்திரை மாதப் பகலில் காலி வீதிப் பக்கத்து மாடி அறையொன்றில், தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே, வெப்பமானி 31, 32 என்று காட்டும். மீள்பளிங்காக்கலின் வித்தை முழுவதும் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. இங்கே ஈதர் நமக்குத் தரும் இடைவெளி மூன்று பாகை. கரைசலை ஆறவைக்கிறோம் என்று முகவையை மேசையில் வைத்தால், ஆறுவதற்கு முதல் ஈதர் காற்றோடு போய்விடும். அழுக்கும் பொருளும் பழையபடி ஒன்றாக அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுப்பது என் இப்போதைய தொழில். அதற்கு முன் சில காலம் ஓர் ஆய்வுகூடத்தில் கரைப்பான்களோடு குடும்பம் நடத்தியவள். மீள்பளிங்காக்கல் என்றால் என்ன என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் ஒரு மூச்சில் ஒப்புவிப்பார்கள்: தூய்மையற்ற திண்மத்தைச் சூடான கரைப்பானில் கரைத்து, வடித்து, ஆறவிட்டு, பளிங்குகளைப் பிரித்தெடுத்தல். சரி, எந்தக் கரைப்பான் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு பிள்ளைதான் ஒருநாள் வாய் திறந்தாள். "நல்லாக் கரைக்கிறதுதானே மிஸ் நல்ல கரைப்பான்?"

இல்லையம்மா. நன்றாகக் கரைப்பதுதான் இந்த வேலைக்கு உதவாத கரைப்பான்.

பென்சோயிக் அமிலத்தை எடுங்கோ. கோர்டியல் போத்தல்கள் பழுதாகாமல் இருக்க இதன் சோடியம் உப்பைத்தான் சேர்க்கிறார்கள். 25 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் இந்த அமிலத்தில் 3.4 கிராமை மட்டும் கரைக்கும். அதே தண்ணீர் கொதிக்கும்போது 56 கிராமைக் கரைத்துவிடும். ஆகவே 50 கிராம் அழுக்கு அமிலத்தைக் கொதிநீரில் கரைத்து, கரையாத மண், தூசியைச் சூட்டோடு வடித்தெறிந்து, ஆறவிட்டால் நாற்பத்தாறு கிராமுக்கு மேல் பளிங்காகத் திரும்பி வரும். கரைந்திருந்த அழுக்கு என்ன ஆகும்? அது கொஞ்சமாக இருப்பதால், ஆறிய தண்ணீரும் அதைத் தாங்கிக்கொள்ளும். பளிங்கு வளரும்போது தன் அடுக்குக்குப் பொருந்தாத மூலக்கூற்றை வெளியே தள்ளிவிடும். வடிதாளுக்குக் கீழே போகும் தாய்த்திரவத்தோடு அதுவும் போய்விடும். இதையே அசற்றோனில் செய்து பாருங்கோ. குளிர்ந்த அசற்றோனிலேயே அமிலம் தாராளமாகக் கரையும். ஆறவைத்தாலும் திரும்பி வராது. நமக்கு வேண்டியது சூட்டில் அள்ளி வாங்கிக் குளிரில் திருப்பிக் கொடுக்கிற கரைப்பான்.

அதை எப்படித் தேடுவது? ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். முனைவுள்ள பொருளை முனைவுள்ள கரைப்பான் கரைக்கும், முனைவற்றதை முனைவற்றது கரைக்கும். இந்த விதி வழிகாட்டும், ஆனால் அது காட்டும் வீட்டில் தங்கக்கூடாது, பக்கத்து வீட்டுக்குப் போகவேண்டும். நப்தலீனைப் பாருங்கோ, அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே போட்ட பூச்சி உருண்டை. இரண்டு பென்சீன் வளையம் ஒட்டியது. விதிப்படி தொலுயீன் அருமையாகக் கரைக்கும், குளிரிலும் அருமையாகக் கரைக்கும், அதனாலேயே வேலைக்காகாது. தண்ணீர் ஒரு லீற்றரில் முப்பது மில்லிகிராம் அளவுதான் கரைக்கும், சூடாக்கினாலும் கரைவது சொற்பம்தான். நடுவில் நிற்பது எதனோல். 25 பாகையில் 100 கிராம் எதனோல் 11 கிராம் நப்தலீனைக் கரைக்கும், 70 பாகையில் 179 கிராமை. இந்தப் பாய்ச்சல்தான் நாம் தேடியது. ஒரு வால் மட்டும் உண்டு: எதனோலின் கொதிநிலை 78, நப்தலீனின் உருகுநிலை 80. இரண்டும் இவ்வளவு கிட்ட இருந்தால் ஆறும்போது பளிங்குக்குப் பதில் எண்ணெய்த் துளிகள் பிரியக்கூடும். அதனால் 65 பாகையில் கொதிக்கும் மெதனோலைச் சிலர் விரும்புவார்கள்.

உண்மையில் ஆய்வுகூடத்தில் யாரும் அட்டவணையைப் பார்த்து மட்டும் தீர்மானிப்பதில்லை. புதிதாக ஒரு பொருள் கையில் வந்தால் அட்டவணையே இருக்காது. அரிசிமணி அளவு பொடியைச் சோதனைக்குழாய்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலீற்றர் கரைப்பான் விட்டு ஆட்டிப் பார்ப்பார்கள். சூடாக்காமலே கரைந்தால் அந்தக் கரைப்பானுக்கு விடை கொடுக்கலாம். கரையாவிட்டால் நீர்த்தொட்டியில் சூடாக்கி, இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் மூன்று மில்லிலீற்றர்வரை விட்டுப் பார்ப்பார்கள். அப்போதும் கரையாவிட்டால் அதற்கும் விடை. சூட்டில் கரைந்ததை ஆறவைத்து, வராவிட்டால் கண்ணாடிக்கோலால் குழாயின் உட்சுவரைச் சுரண்டி, அதற்கும் வராவிட்டால் ஒரு துணுக்குப் பளிங்கை விதையாகப் போட்டு, அதற்கும் மசியாவிட்டால் ஐஸில் வைத்துப் பார்ப்பார்கள். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் கையிலிருக்கும் முழுப் பொருளையும் ஒரே குடுவையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும்.

இனி வெக்கைக்கு வருகிறேன். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத்தான் படித்தார்கள். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை அதுதான் நடைமுறை. செய்முறைப் புத்தகங்களும் அங்கிருந்தே வந்தன. கேம்பிரிட்ஜில் மானும் சோண்டர்சும் எழுதிய சேதனச் செய்முறை நூல் 1936இல் வந்தது, லண்டனில் வோகல் எழுதியது 1948இல். இரண்டும் பொன்னான புத்தகங்கள், இன்றைக்கும் நான் புரட்டுகிறவை. ஆனால் அறை வெப்பநிலை என்று ஓர் ஆங்கிலேயர் எழுதும்போது அவருடைய மேசை 15க்கும் 20க்கும் நடுவில் இருந்திருக்கும். நம்முடையது 30. லண்டன் மேசையில் 56 பாகையில் கொதிக்கும் அசற்றோனுக்கு ஏறக்குறைய நாற்பது பாகை இடைவெளி, இங்கே இருபத்தாறு. 40 பாகையில் கொதிக்கும் இருகுளோரோமெதேனுக்கு இங்கே பத்துப் பாகை. தண்ணீருக்கோ 70 பாகை, தொலுயீனுக்கு 80. கொதிநிலை கூடிய கரைப்பான்களுக்குப் பெரிய நட்டமில்லை, குறைந்தவற்றுக்குத்தான் அடி. குளிர்ந்த கரைப்பானால் பளிங்கைக் கழுவு என்று எழுதியிருக்கும் இடத்திலும் இதே கதைதான். இங்கே போத்தலில் இருப்பது குளிர்ந்த கரைப்பான் அல்ல. ஐஸில் வைத்து எடுக்காமல் ஊற்றினால் கழுவும் கையோடு பளிங்கும் கரைந்து இறங்கும்.

மிகைப்படுத்தவும் கூடாது. பென்சோயிக் அமிலத்தைத் தண்ணீரில் பளிங்காக்கினால் 18 பாகையில் லீற்றருக்கு 2.7 கிராம் தாய்த்திரவத்தில் தங்கும், நம் அறையில் நாலு கிராம். 50 கிராமில் இதெல்லாம் ஒரு இழப்பா? நப்தலீனுக்கும் எதனோலுக்கும்தான் கணக்கு வலிக்கும். 0 பாகையில் 100 கிராம் எதனோலில் 5 கிராம் தங்கும் என்றால் 25 பாகையிலேயே 11 தங்குகிறது. அங்கே ஐஸ் வாங்கிய காசு வீண்போகாது.

சூட்டுக்கும் குளிருக்கும் அசையாத பொருளும் உண்டு. கறியுப்பு 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 0 பாகையில் 36 கிராம் கரையும், கொதிக்கும்போது 39. இதை ஆறவைத்துத் தூய்மையாக்கப் பார்ப்பது வீண் வேலை. அதனால்தான் ஆனையிறவிலும் புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் வெயிலை நம்பித் தண்ணீரை ஆவியாக்குகிறார்கள். அங்கும் தூய்மையாக்கல் நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னரே ஜிப்சம் படியும், பிறகு உப்பு, கடைசியில் மக்னீசிய உப்புகள். உப்பு விழும் பாத்தியில் மக்னீசியம் படியத் தொடங்குவதற்கு முன் கசப்பு நீரைத் திறந்துவிடுவதுதான் உப்பளத்தின் கைப்பக்குவம். தாய்த்திரவத்தை எப்போது வெளியேற்றுவது என்று ஆய்வுகூடத்தில் நாம் கேட்கிற அதே கேள்வி.

சீனி நேர்மாறு. 100 மில்லிலீற்றர் தண்ணீர் அறை வெப்பநிலையிலேயே 200 கிராம் கரைக்கும், கொதிக்கும்போது 487. வித்தியாசத்தைப் பார்த்தால் கண் விரியும். ஆனால் கிடைப்பது பாகு. பிசுபிசுத்த பாகில் மூலக்கூறுகள் நகர்ந்து இடம் பிடிக்க நாள் எடுக்கும், பளிங்கைச் சுற்றிப் பாகு ஒட்டியே இருக்கும். பூசைக்கு வைக்கிற நூல் கற்கண்டு அப்படித்தான் நாட்கணக்கில் நூலில் வளர்கிறது. கற்கண்டுக் கடைக்காரருக்கு அது சரி. ஆய்வுகூடத்தில் எதனோலைச் சேர்த்துச் சீனியைக் கொஞ்சம் வெருட்டி வெளியே கொண்டுவருவதுதான் கெட்டித்தனம்.

தேயிலைக்கு வந்தால் கதை சுவையாகும். கஃபீனை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ருங்கே என்ற ஜெர்மானியர், 1819இல். அவருக்குக் கோப்பிக் கொட்டையைக் கொடுத்து இதை ஆராய்ந்து பார் என்றவர் கவிஞர் கோதே. 1827இல் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துத் தேயீன் என்று பெயர் வைத்தார்கள். அதுவும் கஃபீனும் ஒன்றே என்று 1838இல் தெளிவானது. இனி எண்களைப் பாருங்கோ. கஃபீன் 25 பாகையில் 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 2 கிராம் கரையும், கொதிநிலையில் 66 கிராம். முப்பத்துமூன்று மடங்கு! பென்சோயிக் அமிலத்தைவிட அழகான பாய்ச்சல். விலையில்லாத, தீப்பிடிக்காத கரைப்பான். அப்படியென்றால் நல்ல சாயமான தேத்தண்ணியைப் போட்டு ஆறவைத்தால் அடியில் கஃபீன் ஊசிகள் நிற்கவேண்டுமே? நிற்பதில்லை.

காரணம் அழுக்கு. கடுஞ்சாயப் பிளேன்ரீ ஆறும்போது கலங்குவதைக் கண்டிருப்பீர்கள். அது கஃபீன் தனியாக வருவதல்ல, தேயிலையின் தனின்கள் எனப்படும் பொலிபீனோல்களோடு கட்டிப்பிடித்துக்கொண்டு வருவது. தேயிலை சுவைஞர்கள் அந்தக் கலங்கலை நல்ல சாயத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். தூய கஃபீன் தேடுகிறவருக்கு அது தலையிடி. கஃபீனைக் கரைப்பது எது என்பதோடு அதனுடன் இருக்கிற தனினைக் கரைப்பது எது என்றும் கேட்டாக வேண்டும். தண்ணீர் இரண்டையும் ஏற்கிறது, ஆகவே முதற்கட்டத்தில் தண்ணீர் பளிங்காக்கும் கரைப்பானாக இருக்க முடியாது. வழக்கமான வழி என்னவென்றால், சாயத்தில் சோடியம் காபனேற்றைப் போட்டுத் தனின்களை உப்பாக்கித் தண்ணீரிலேயே கட்டிப்போடுவது, பிறகு இருகுளோரோமெதேனை விட்டுக் கஃபீனை மட்டும் அதற்குள் இழுத்துக்கொள்வது. குளோரோபோமும் இதைச் செய்யும்: ஒரு கிராம் கஃபீனுக்கு ஐந்தரை மில்லிலீற்றர் குளிர்ந்த குளோரோபோம் போதும். பிரித்தெடுப்பதற்கு இந்த நல்ல கரைப்பு வேண்டும், பளிங்காக்குவதற்கு வேண்டாம். அந்தக் கட்டத்தில் எதனோலுக்கு மாறலாம். அறையில் 66 மில்லிலீற்றர் கேட்கும் ஒரு கிராம் கஃபீன் 60 பாகையில் 22 மில்லிலீற்றரில் அடங்கும். பெரிய பாய்ச்சலில்லை என்றாலும் பளிங்கில் தண்ணீர் ஒட்டாது. தண்ணீரில் பளிங்காக்கினால் கஃபீன் நீரேறிய பட்டு ஊசிகளாக வரும், அதைக் காயவைப்பது தனி வேலை. கொழும்பில் இன்னும் பெரிய வேலை.

இதே கேள்வியை மாத்தளை மிளகிடமும் கேட்கலாம். மிளகின் காரம் பைப்பரின். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820இல் உலகுக்குக் காட்டிய டென்மார்க்காரர் ஏர்ஸ்ரெட், அதற்கு முந்திய ஆண்டு இந்தப் பைப்பரினைப் பிரித்தெடுத்தார். (ஒரு மனிதர் ஒரே காலத்தில் மிளகையும் மின்காந்தத்தையும் பிடித்திருக்கிறார். இப்போதென்றால் எந்தப் பீடத்தில் சேர்வது என்றே அவருக்குச் சண்டை வந்திருக்கும்.) ஒரு கிராம் பைப்பரினுக்கு 15 மில்லிலீற்றர் எதனோல் போதும், தண்ணீரிலோ ஒரு லீற்றருக்கு 40 மில்லிகிராம்தான். எதனோல் தனியே கொஞ்சம் தாராளம், தண்ணீர் தனியே ஒரே கஞ்சத்தனம். இரண்டையும் சேர்த்தால் நமக்கு வேண்டிய ஆள் கிடைக்கிறது.

செய்முறை இப்படிப் போகும். அரைத்த மிளகை எதனோலில் நன்றாகக் கொதிக்கவைத்து வடித்து, கரைசலைச் சுண்டவைத்து, எதனோலில் கரைத்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டைச் சேர்ப்பார்கள். மிளகின் பிசின் அமிலங்கள் உப்பாகிவிடும். தேயிலையில் காபனேற்று செய்த வேலைதான். பிறகு தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் வெண்கலங்கலாகும், டெற்றோலைத் தண்ணீரில் ஊற்றியதைப் போல. அந்தக் கலங்கல் வந்த இடத்தில் கையை நிறுத்தவேண்டும். கொஞ்சம் சூடுகாட்டி, தேவையானால் எதனோல் சில துளி விட்டு, கலங்கல் மறைந்ததும் அசைக்காமல் விட்டால் விடியும்போது மஞ்சள் ஊசிகள் நிற்கும். உருகுநிலை 130ஐ ஒட்டி வந்தால் நல்ல சரக்கு. இப்படிச் சோடி சேர்க்கும்போது இரண்டு கரைப்பானும் ஒன்றோடொன்று எந்த அளவிலும் கலக்கவேண்டும். எக்சேனும் தண்ணீரும் ஒரு குடுவையில் இரண்டு மாடியாக நின்றுகொள்ளும், அதில் ஒன்றும் நடக்காது. மிளகுக்குப் புறக்கோட்டைக்குப் போனால் போதும், பழைய சோனகத் தெருவில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். கறுப்பு மிளகுதான் வேண்டும் என்றுமில்லை, வெள்ளை மிளகிலும் பைப்பரின் உண்டு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1848இல் பாரிஸில் லூயி பாஸ்டர் சோடியம் அமோனியம் தாத்தரேற்றின் கரைசலைப் பளிங்காகவிட்டார். அவருக்கு இருபத்தைந்து வயது. வந்த பளிங்குகளை உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு சாதி: ஒன்று மற்றதன் கண்ணாடி விம்பம். சாவணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாக்கித் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் முனைவாக்கிய ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம். மூத்த விஞ்ஞானி பியோ இதை நம்பவில்லை. தன் கையாலேயே இரசாயனப் பொருட்களை எடுத்துக் கொடுத்து, தன் கண்முன்னே கரைசல் செய்யச் சொல்லி, கரைசலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பளிங்கு வந்தபிறகு கூப்பிட்டார். திரும்பவும் அதே முடிவு. மூலக்கூறுகளுக்கு வலக்கை இடக்கை உண்டு என்ற இரசாயனம் அங்கேதான் தொடங்குகிறது.

இதில் பாஸ்டர் அறியாமலே ஒத்துழைத்த ஒன்று பாரிஸின் குளிர். அந்த உப்பு 27 பாகைக்குக் கீழேதான் வலமும் இடமுமாகப் பிரிந்து பளிங்காகும். அதற்கு மேலே இரண்டும் சரிபாதியாகக் கலந்த ஒரே வகைப் பளிங்குதான் வரும், எந்த உருப்பெருக்கியாலும் எந்தச் சாவணத்தாலும் பிரிக்க முடியாது. அந்த எல்லையைப் பின்னாளில் அளந்தவர்களில் ஒருவர் வான்ட் ஹொஃப் என்ற இரசாயனவியலாளர். கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை எவ்வளவு தெரியுமா? 27, 28தான். பாஸ்டர் பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வாடகை அறையில் யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இதே கரைசலை ஆவியாகவிட்டிருந்தால், பெரும்பாலான நாட்களில் ஒரே சாதிப் பளிங்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருப்பார். நுவரெலியாவில் தங்கியிருந்தால் தப்பியிருப்பார். அங்கே சராசரி 16ஐ ஒட்டித்தான். அதே தண்ணீர், அதே உப்பு, மேசை மட்டும் வேறு. இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது குளிரூட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அது ஓடினால் பரிசோதனை நடக்கும், மின்வெட்டு வந்தால் நடக்காது.

சோடியம் சல்பேற்றும் இப்படி ஒரு எல்லையில் குடியிருக்கிறது. அதன் கரைதிறன் 32.4 பாகைவரை வேகமாக ஏறும், அதற்கு மேலே மெல்ல இறங்கும். கீழே பத்து நீர்மூலக்கூறு சேர்ந்த பளிங்கு, மேலே நீரற்ற பளிங்கு. நம்முடைய பங்குனி, சித்திரை மத்தியானங்கள் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே போகின்றன.

வெக்கையோடு ஈரமும் சேர்ந்தால்தான் கொழும்பு. 30 பாகையும் 75 வீத ஈரப்பதனும் உள்ள காற்றுக்குப் பனிபடுநிலை ஏறக்குறைய 25 பாகை. அதைவிடக் குளிர்ந்த எந்தக் குடுவையும் வியர்க்கும். ஐஸில் வைத்த அசற்றோனைத் திறந்துவைத்தால் காற்றிலுள்ள நீர் அதற்குள் இறங்கும். இருகுளோரோமெதேனால் கழுவிய பளிங்கை வடிதாளில் உறிஞ்சவிட்டால், கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பளிங்கு குளிர்ந்து அதன்மேல் நீர் படியும். நீரில்லாமல் காக்க வேண்டிய பொருளென்றால் கதை முடிந்தது. உறிஞ்சுவதிலும் நாம் பின்தங்கியே நிற்கிறோம். குழாயில் மாட்டும் நீர்த்தாரைப் பம்பி, தண்ணீரின் ஆவியமுக்கத்துக்குக் கீழே இறங்காது. 15 பாகைத் தண்ணீருக்கு அது 12.8 மில்லிமீற்றர் இரசம், 30 பாகைத் தண்ணீருக்கு 31.8. பம்பியில் பிழையில்லை, குழாயில் வரும் தண்ணீர் அவ்வளவுதான். அதனால் கடைசித் துளிக் கரைப்பானைப் போக்க இங்கே கூடுதல் நேரம் கொடுக்கவேண்டும், தொலுயீன் போன்ற கொதிநிலை கூடியவற்றுக்கு இன்னும் கூட. ஒரு பக்கம் ஈதர் நிற்காமல் ஓடுகிறது, மறுபக்கம் தொலுயீன் போகாமல் ஒட்டுகிறது. நமக்குத் தோதான கரைப்பான்கள் கொதிநிலை 65க்கும் 100க்கும் நடுவில்தான் என்பது என் கட்சி.

பொருளோடு சண்டை பிடிக்கிற கரைப்பானையும் தள்ளிவைக்கவேண்டும். அஸ்பிரின் இதற்கு நல்ல உதாரணம். சூடான தண்ணீரில் வைத்திருந்தால் அது உடைந்து சலிசிலிக் அமிலமும் அசற்றிக் அமிலமுமாகப் போகும். பழைய அஸ்பிரின் போத்தலைத் திறந்தால் வினாகிரி மணப்பது நம்முடைய ஈரக்காற்று அதே வேலையை மெதுவாகச் செய்ததால்தான். அஸ்பிரினை எதைல் அசற்றேற்றில் பளிங்காக்கலாம். எதனோலும் தண்ணீரும் சேர்த்தால், கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டில் சட்டென்று முடித்துவிடவேண்டும்.

பழைய புத்தகங்களில் பென்சீன் என்று இருக்கும் இடங்களில் தொலுயீனைப் போட்டுப் பாருங்கள். பென்சீன் புற்றுநோய் தருவது என்பதில் இப்போது ஐயமே இல்லை. எக்சேனுக்குப் பதில் எப்தேன். எக்சேன் உடலுக்குள் மாறும் விதத்தில் நரம்புகளைக் கெடுக்கும், எப்தேன் அந்த வழியில் அவ்வளவாகப் போவதில்லை. கொதிநிலையும் 69க்குப் பதிலாக 98, நம் வெக்கைக்கு இன்னும் வசதி. ஆவிபோக்கி ஒழுங்காக வேலை செய்யாத அறையில் 30 பாகை வெப்பத்தில் எந்தக் கரைப்பானும் லண்டனில் ஆவியாவதைவிடக் கூடுதலாகத்தான் மூக்குக்குள் போகும்.

இனி வாங்குகிற கதை. அசற்றோன், ஈதர், தொலுயீன் மூன்றும் போதைப்பொருள் தயாரிப்பில் பயன்படக்கூடியவை என்று 1988ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ளவை. இங்கே அவற்றின்மேல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் கண் இருக்கும். எதனோலுக்கு மதுவரித் திணைக்களம். 2020 தொடக்கத்தில் எதனோல் இறக்குமதியைத் தடை செய்தபிறகு, பெல்வத்தை, செவனகல போன்ற சீனி ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து வருவதுதான் பெரும்பாலும். அது 95 வீதத்தை ஒட்டி இருந்தால் மிளகுக்கும் நப்தலீனுக்கும் அதுவே போதும். மிச்சம் தண்ணீர் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டால் சரி. மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் சாயம் சேர்த்திருந்தால் பளிங்கிலும் அந்தச் சாயம் ஏறக்கூடும்.

எதனோல் கிடைக்காத இடத்தில் ஐசோபுரப்பைல் அற்ககோலைக் கேளுங்கள். 82 பாகையில் கொதிக்கும், தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், எதனோலின் வேலையில் பெரும்பகுதியைச் செய்யும். கொரோனாக் காலத்துக்குப் பிறகு எல்லா வீட்டிலும் கை கழுவும் சனிற்றைசர் போத்தல் கிடக்கிறது, அதிலும் இதுதானே இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டாள். இருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானப்படி செய்ததென்றால் அதில் 75 வீதம் ஐசோபுரப்பைல் அற்ககோலோடு 1.45 வீதம் கிளிசரினும் கொஞ்சம் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்திருக்கும். கிளிசரினின் கொதிநிலை 290 பாகை. அற்ககோல் போனபிறகும் அது பளிங்கின் மேலே பிசுக்காக உட்கார்ந்திருக்கும், நம் பம்பியாலும் விசிறியாலும் அதை அசைக்க முடியாது. மருந்துக்கடையில் கிளிசரின் சேராத ஐசோபுரப்பைல் என்று கேட்டு, போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வாங்குங்கள்.